செஸ் ரேப்பிடில் இரண்டு முறை உலகச் சாம்பியன் ஆன ஹம்பி, பதுமியில் அதே ரேப்பிடில் தோற்றது எப்படி? மகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்

நூல்கண்டு யானை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை வருடமாக இங்கே வாசிப்பதோடு சரி. எழுதுவது இதுதான் முதல் முறை.

2025 ஜூலை 28 திங்கட்கிழமை மாலை, ஜார்ஜியாவின் பதுமி நகரில் நடந்த மகளிர் செஸ் உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் டை-பிரேக்கரை நானும் என் மகளும் சேர்ந்து பார்த்தோம். அவளுக்குப் பதினொரு வயது. பள்ளி விட்டு வந்தவள் சீருடையைக் கூட மாற்றவில்லை. அவள் திவ்யா தேஷ்முக் கட்சி, நான் கொனேரு ஹம்பி கட்சி. திவ்யா ஜெயித்ததும் இவள் குதிப்பாள் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மா, ஹம்பி தானே ரேப்பிட்ல ரெண்டு தடவ வேர்ல்டு சாம்பியன்? அப்ப ரேப்பிட்ல எப்படித் தோத்தாங்க?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு நாளாக யோசிக்கிறேன், இன்னும் வரவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடந்த கிளாசிக்கல், அதாவது நீண்ட நேர ஆட்டங்கள் டிரா. திங்கட்கிழமை ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 விநாடி கூடுதல் என்ற கணக்கில் ரேப்பிட். முதல் ரேப்பிடில் திவ்யா வெள்ளை. ஹம்பி பெட்ரோஃப் என்ற தொடக்கம் ஆடினார். எதிரி வைத்த சிப்பாய்க்கு நேர் எதிரே சிப்பாய், குதிரைக்கு எதிரே குதிரை. சீக்கிரம் டிராவில் முடியும் என்று நினைத்துக் காபி போட எழுந்து போனேன். அது 81 நகர்த்தல் போனது. அதற்கப்புறம்தான் டிரா.

இரண்டாவதில் ஹம்பி வெள்ளை. கேட்டலன் தொடக்கம். மந்திரியை ஜி2-வில் நிறுத்தி, நீண்ட மூலைக்கோடு முழுவதையும் அதன் பார்வைக்குக் கொடுத்துவிட்டுப் பொறுமையாக நெருக்குகிற ஆட்டம். ஹம்பிக்கு இது அம்மா வீடு மாதிரி என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் காய்கள் குறைந்தன. ஹம்பியின் கடிகாரமும் குறைந்தது. கடைசியில் திரையில் பலகையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த விநாடி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். மகள் விரலை அந்த எண்ணின் மேலேயே வைத்திருந்தாள், அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும் என்பது போல. எண் எட்டு, ஏழு, ஆறு என்று இறங்கும். காய் நகரும். மறுபடி ஏறும். மறுபடி இறங்கும். 75-வது நகர்த்தலோடு முடிந்தது. ஹம்பி ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

என் கேள்வி இதுதான். நான் ஆடிய காலத்தில் சாவி கொடுக்கிற கடிகாரம். முள் பன்னிரண்டை நெருங்கும்போது சின்னச் சிவப்புக் கொடி மெல்ல மேலே தூக்கும், முள் தாண்டியதும் பொத்தென்று விழும். விழுந்தால் தோல்வி. 2004-இல் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் எனக்கு அப்படித்தான் விழுந்தது. என்னிடம் யானையும் இரண்டு சிப்பாய்களும், எதிரியிடம் யானை மட்டும். ஜெயித்த ஆட்டம். அதை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் இப்போதுதான் நகர்த்தலுக்கு நகர்த்தல் 10 விநாடி சேர்கிறதே? கொடி விழும் பயம் இல்லையே? அப்படி இருக்க, உலகச் சாம்பியனுக்கு ஏன் நேரம் போதவில்லை? 38 வயதா காரணம்? இல்லை வேறு ஏதாவதா?

ஹம்பி மேல் எனக்கு ஏன் இவ்வளவு ஈடுபாடு என்றும் சொல்லிவிடுகிறேன். 2002-இல் அவர் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது வந்த பேப்பர் செய்தியை வெட்டி எங்கள் வீட்டு இரும்புப் பீரோவின் உள்கதவில் ஒட்டி வைத்தேன். ஜூடித் போல்கரின் சாதனையை முறியடித்து, மிக இளம் வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆன பெண் என்று போட்டிருந்தார்கள். என் வயதை ஒட்டிய பெண், பக்கத்து மாநிலத்துப் பெண், அப்பாவிடமே ஆட்டம் கற்றவர். நானும் அப்பாவிடம் கற்றவள்தான். எங்களிடம் இருந்த மரக்காய்களில் கருப்பு யானை ஒன்று தொலைந்துபோய், அம்மாவின் தையல் மெஷினிலிருந்து காலி நூல்கண்டுக் கட்டையை எடுத்து மை தடவி வைத்திருந்தோம். என் பெயருக்கு அதுதான் காரணம். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஆடவில்லை. அவர் குழந்தை பெற்றுத் திரும்பி வந்து ஆடினார். 2019-இல் மாஸ்கோவில் ரேப்பிட் பட்டம், 2024 டிசம்பரில் நியூயார்க்கில் மறுபடியும். அதனால் திங்கட்கிழமை எனக்கு மனசு கனத்துப் போனது.

தெரிந்தவர்கள் விளக்கினால் மகளிடம் அப்படியே சொல்வேன்.

மேசை எண் 14 எழுதியது:

வணக்கம் அம்மா. மாவட்டப் போட்டிகளில் இருபது வருடமாக நடுவராக நிற்கிறேன். ஹம்பியின் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நான் ஆட்டக்காரன் இல்லை. ஆனால் அந்த 10 விநாடியைப் பற்றிப் பேசலாம். அதைத்தான் தினமும் பார்க்கிறேன்.

முதலில் கணக்கு. 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி. 75 நகர்த்தல் போனால் சேர்வது 750 விநாடி, அதாவது பன்னிரண்டரை நிமிடம். ஆக ஒருவருக்கு மொத்தம் இருபத்தேழரை நிமிடம். கேட்க நிறைய மாதிரி இருக்கும். இப்போது ஒருவர் முதல் 30 நகர்த்தலுக்கு 20 நிமிடம் எடுத்துக்கொண்டார் என்று வையுங்கள். அது ஒன்றும் அதிகம் இல்லை, சிக்கலான ஆட்டத்தில் சாதாரணம். ஆனால் 30 நகர்த்தல் வரை அவருக்குக் கிடைத்ததே 15-உம் 5-உம் சேர்த்து 20 நிமிடம்தான். கையில் மிச்சம் பூஜ்யம். அங்கிருந்து 45 நகர்த்தலும் பத்துப் பத்து விநாடியில். ஹம்பி துல்லியமாக இப்படிச் செலவழித்தார் என்று சொல்லவில்லை, ஆட்டம் நீண்டால் என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, அந்த 10 விநாடி யாருக்கு? முழுவதும் யோசிக்கவா? எதிரி காயை வைத்துக் கடிகாரத்தை அழுத்துகிறார். அவர் என்ன வைத்தார் என்று பார்க்க ஒரு விநாடி, ஒன்றரை விநாடி. முடிவு செய்தபின் கையை நீட்டி, காயைத் தூக்கி, கட்டத்தின் நடுவில் வைத்து, அதே கையால் கடிகாரத்தை அழுத்த வேண்டும். இன்னொரு கையால் அழுத்தக் கூடாது, அது விதி. அவசரத்தில் பக்கத்துக் காய் சாய்ந்துவிட்டால் தன் நேரத்தில்தான் நிமிர்த்தி வைக்க வேண்டும். அதுவும் விதி. இதற்கெல்லாம் மூன்று விநாடி போய்விடும். மிச்சம் ஐந்து. அதிலும் ஒருவர் கடைசி விநாடி வரை போகத் துணிய மாட்டார், இரண்டு விநாடிக்கு முன்பே கை எழும். ஆக யோசிக்க மூன்று, நான்கு விநாடி.

ரேப்பிடில் ஆட்டத்தை எழுதிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. அது சலுகைதான். ஆனால் எழுதுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தப் பேனா ஒரு மூச்சுவிடும் இடம். எழுதும்போது கண் பலகையை விட்டு விலகித் திரும்பி வரும், அப்போது தப்பு தெரியும். ரேப்பிடில் அந்த இடமே கிடையாது.

சிவப்புக் கொடிக்கு நீங்கள் பயந்தது நியாயம். நானும் அந்தக் கடிகாரங்களுக்குச் சாவி கொடுத்தவன்தான். ஆனால் அதில் ஒரு நல்லது இருந்தது. கொடி விழுந்ததும் முடிந்துவிடும். இந்த 10 விநாடி முறையில் முடியாது. ஆட்டக்காரர் விளிம்பிலேயே நிற்க வேண்டும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், முடியும் வரை. அந்த நிலையில் எத்தனையோ பெரியவர்கள், எத்தனையோ குழந்தைகளின் கையை நான் பார்த்திருக்கிறேன். எல்லாக் கையும் ஒரே மாதிரிதான் நடுங்கும்.

இன்னொன்று. உலக ரேப்பிட் பட்டப் போட்டி வேறு மாதிரி. பதினொரு சுற்று, சுவிஸ் முறை. ஒன்றில் தோற்றாலும் அடுத்ததில் எடுக்கலாம். நியூயார்க்கில் ஹம்பி முதல் சுற்றே தோற்றவர், தெரியுமா? அங்கிருந்து பதினொன்றுக்கு எட்டரை எடுத்துப் பட்டம் வாங்கினார். பதுமியில் அந்த வசதி இல்லை. இரண்டு ஆட்டம். முதலாவது டிரா. இரண்டாவதில் ஒருவர் தவறினால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். இதை உங்கள் பெண்ணிடம் முதலில் சொல்லுங்கள். ஆட்டம் அதே ரேப்பிட், போட்டி வேறு.

குதிரைக்காரி எழுதியது:

அக்கா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நூல்கண்டு யானையை மறக்கவே முடியாது.

ஆனால் ஒரு வருத்தத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஹம்பி எப்படித் தோற்றார் என்றே எல்லோரும் கேட்கிறார்கள். திவ்யா எப்படி ஜெயித்தார் என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் மகள் திவ்யா கட்சி என்றீர்களே, அவளுக்காகச் சொல்கிறேன்.

திவ்யா நாக்பூர்ப் பெண். 19 வயது. 107 பேர் ஆடிய போட்டியில் அவருக்குத் தரவரிசை எண் 15. யார் யாரைத் தாண்டி வந்தார் என்று பாருங்கள். இரண்டாம் தரநிலையில் இருந்த சீனாவின் ஜூ ஜினரை டை-பிரேக்கரில் தாண்டினார். காலிறுதியில் ஹரிகா. இரண்டு கிளாசிக்கலும் டிரா, அப்புறம் ரேப்பிட் இரண்டிலும் ஜெயித்தார். அரையிறுதியில் டான் ஜோங்யி. முன்னாள் உலகச் சாம்பியன், நம் வைஷாலியைக் காலிறுதியில் வெளியேற்றியவர். அந்த ஆட்டத்தை நான் விடுதி அறையில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். 101 நகர்த்தல்! இரவுச் சாப்பாட்டு மணி அடித்தும் நான் எழவில்லை, அறைத்தோழி தட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

இந்தியாவில் அதற்கு முன் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்கிய பெண்கள் மூன்றே பேர். ஹம்பி, ஹரிகா, வைஷாலி. திவ்யா ஒரே போட்டியில் ஹரிகாவையும் ஹம்பியையும் தாண்டினார், வைஷாலியை வென்றவரையும் வென்றார். அப்படித்தான் நான்காவது பெயராக வந்து சேர்ந்தார். மொத்தத்தில் நாட்டின் 88-வது கிராண்ட்மாஸ்டர். சாதாரணமாக அந்தப் பட்டத்துக்கு மூன்று நார்ம் (பலமான போட்டியில் அந்தத் தரத்துக்கு ஆடியதற்கான தகுதி) வேண்டும், ரேட்டிங் 2500-ஐத் தொட வேண்டும். பதுமிக்குப் போகும்போது திவ்யாவிடம் ஒரு நார்ம் கூட இல்லை. உலகக் கோப்பையை வென்றால் நேரடியாகப் பட்டம் என்ற விதி இருந்ததால் ஒரே நாளில் கிடைத்தது.

கடைசி ரேப்பிடில் அவரும் தவறுகள் செய்தார், யார் கை ஓங்கியிருக்கிறது என்று கணினி காட்டும் கோடு மேலும் கீழும் ஆடியது உண்மை. ஆனால் கருப்பை வைத்துக்கொண்டு, ஹம்பிக்கு எதிராக, அவருடைய கேட்டலனில் அகப்படாமல் நின்று, கடைசிக் கட்டத்தில் அவரை விடக் கொஞ்சம் அதிகமாக நேரம் வைத்திருந்தார். அது தற்செயல் இல்லை அக்கா. ஆட்டத்தின் நடுவில் எங்கெங்கே யோசிக்காமல் நம்பி வைக்க வேண்டும் என்று தெரிந்து வைத்தவருக்குத்தான் கடைசியில் நேரம் மிஞ்சும்.

ஆட்டம் முடிந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாரே, அதை உங்கள் மகள் பார்த்தாளா? நான் பார்த்து அழுதேன்.

நூல்கண்டு யானை எழுதியது:

மேசை எண் 14 ஐயா, மிக்க நன்றி. அந்த மூன்று விநாடி கணக்கை மகளிடம் சொன்னபோது நம்பவில்லை. சமையலறைக் கடிகாரத்தை எடுத்துவைத்து இருவரும் பத்துப் பத்து விநாடியில் ஆடிப் பார்த்தோம். வெறும் ராஜா, யானை, இரண்டு சிப்பாய்தான். ஆறாவது நகர்த்தலிலேயே அவள் யானையைச் சும்மா கொடுத்துவிட்டாள். எட்டாவதில் நான் கொடுத்தேன். அதற்கப்புறம் அவள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். "75 வரைக்கும் இப்படியேவா?" என்று மட்டும் கேட்டாள்.

குதிரைக்காரி, நீ சொன்னது சரி. என் கேள்வியில் பாதிதான் இருந்தது. திவ்யா தன் அம்மாவைக் கட்டிக்கொண்டதை மகள் பார்த்தாள். பார்த்துவிட்டு என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஆனால் வயது பற்றிய கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது. 38-க்கும் 19-க்கும் நடுவில் பத்து விநாடி ஆட்டம் என்றால், வயது கொஞ்சம் கூடக் காரணம் இல்லையா? அரையிறுதியில் சீனாவின் லே டிங்ஜியோடு ஹம்பி ஆடியது எட்டு ஆட்டம். கிளாசிக்கல் இரண்டு, 15 நிமிட ரேப்பிட் இரண்டு எல்லாமே டிரா. 10 நிமிட ஆட்டத்தில் முதலாவதைத் தோற்றார், அடுத்ததில் ஜெயித்தே ஆக வேண்டும், ஜெயித்தார். அப்புறம் 5 நிமிட ஆட்டம் இரண்டையும் ஜெயித்தார். மாஸ்கோவில் 2019 பட்டத்தையும் இதே லே டிங்ஜியைக் கடைசித் தனி ஆட்டத்தில் தாண்டித்தான் வாங்கினார் என்று தேடிப் படித்தேன். அரையிறுதி நடந்த அந்தச் செவ்வாய், வியாழன் களைப்பெல்லாம் உடம்பில் இருக்குமே.

கருங்கடல் வாசகன் எழுதியது:

அம்மணி, எனக்கு வயது எழுபத்தொன்று. வயது பற்றிய கேள்வி வந்ததால் நான் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

பதுமி கருங்கடல் கரையில் இருக்கிறது. அதே கரையில் வடக்கே போனால் பிட்சுண்டா என்று ஒரு ஊர். 1978-இல் அங்கே மகளிர் உலகப் பட்டத்துக்கான ஆட்டம் நடந்தது. சாம்பியன் நோனா கப்ரின்தஷ்விலி. 1962-இல் எலிசவெட்டா பிகோவாவை வென்று ஏறியவர், பதினாறு வருடம் இறங்கவே இல்லை. அப்போது அவருக்கு வயது 37. எதிரே உட்கார்ந்தது மாயா சிபுர்தனிட்ஸே, வயது 17. இருவருமே ஜார்ஜியாக்காரர்கள். நோனா சுக்டிடியில் பிறந்தவர், மாயா குட்டைசியில். ஒரே நாட்டின் மூத்தவரும் இளையவரும், அதே கடற்கரை. எண்களைப் பாருங்கள். அங்கே 37-க்கு 17, இங்கே 38-க்கு 19.

நான் அப்போது சென்னையில் வேலையில் சேர்ந்த புதிது. சோவியத் கலாச்சார மையத்தில் மிகயில் தால் செஸ் கிளப் இருந்தது. சின்னப் பையன் ஆனந்த் வந்து ஆடிய இடம் என்று பின்னாளில் உலகத்துக்கே தெரிந்தது. எனக்கு அங்கே ஆடும் தைரியம் கிடையாது, சுவரோரம் நின்று பார்ப்பேன். மேசையில் ரஷ்யப் பத்திரிகைகள் கிடக்கும். எழுத்து புரியாது, ஆனால் ஆட்டக் குறிப்பும் படமும் யாருக்கும் புரியும். நோனாவும் மாயாவும் எதிரெதிரே உட்கார்ந்த படத்தை அப்படித்தான் பார்த்தேன். ஒருவர் என் அக்காவின் வயது, இன்னொருவர் பள்ளிக்கூடப் பெண். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றது ஞாபகம் இருக்கிறது.

பதினைந்து ஆட்டம். எட்டரைக்கு ஆறரை. மாயா ஜெயித்தார். 1991 வரை அவர்தான் சாம்பியன்.

நீங்கள் கேட்பது நோனாவைப் பற்றி, எனக்குத் தெரியும். பட்டம் போன அதே 1978-இல்தான் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே அவருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. உலகத்தில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். எட்டு வருடம் கழித்து 1986, துபாய் செஸ் ஒலிம்பியாட். நோனாவுக்கு 45 வயது. பத்து ஆட்டம் ஆடினார், பத்தும் ஜெயித்தார். அப்புறம் முதியோர் உலகப் பட்டங்களை எத்தனை முறை எடுத்தார் என்று எண்ணுவதையே நான் விட்டுவிட்டேன்.

வயது காரணமா என்றால், ஆம், கொஞ்சம் காரணம்தான். இல்லை என்று சொன்னால் உங்களை ஏமாற்றுவதாகும். நாலு மணி நேர ஆட்டத்தில் அனுபவம் கணக்குப் போட்டுக் கொடுக்கும். நாலு விநாடியில் கண்ணும் கையும்தான் பேசும். அது பத்தொன்பது வயதுக்கு வேகமாகப் பேசும். ஆனால் லே டிங்ஜியை 5 நிமிட ஆட்டத்தில் இரண்டுக்கு இரண்டு எடுத்ததும் அதே 38 வயதுக் கைதானே? அந்த இறுதிப் போட்டிக்கு வந்த கை அது. திங்கட்கிழமை சாயங்காலம் மட்டும் எதிரே உட்கார்ந்தவரின் கை கொஞ்சம் நன்றாக இருந்தது. அவ்வளவுதான் நான் சொல்வேன்.

குதிரைக்காரி எழுதியது:

ஐயா, 37-உம் 17-உம் எனக்குத் தெரியவே தெரியாது. பிட்சுண்டா ஆட்டங்களை இன்று இரவே எடுத்துப் பார்க்கப் போகிறேன். மாயா பெயரை மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

அக்கா, ஒன்று விட்டுப்போனது. முதல் மூன்று இடங்களுக்கும் 2026 மகளிர் கேண்டிடேட்ஸ் இடம் கிடைக்கும். திவ்யா, ஹம்பி, மூன்றாம் இடம் பிடித்த டான் ஜோங்யி. ஆக, ஹம்பி தோற்றுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை, உலகப் பட்டத்துக்கான அடுத்த வாசலுக்குத் தகுதி பெற்றார். இதையும் மகளிடம் சொல்லுங்கள்.

நூல்கண்டு யானை எழுதியது:

சொன்னேன். மூவர் சொன்னதையும் வரிசையாகச் சொன்னேன். முதலில் போட்டி முறை, அப்புறம் அந்த மூன்று விநாடி, அப்புறம் திவ்யா தாண்டி வந்த பெயர்கள், கடைசியாக நோனாவும் மாயாவும். சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். நோனா பத்துக்குப் பத்து எடுத்த இடத்தில் மட்டும் கை நின்றது. "45 வயசுலயா? உனக்கு இப்ப 40 தானே?" என்றாள்.

பெரியவருக்கு: ஐயா, "கொஞ்சம் காரணம்தான்" என்று மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. இரண்டு நாளாக எல்லோரும் என்னிடம் வயது ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது எனக்கு ஆறுதலாக இல்லை. உங்கள் பதில் ஆறுதலாக இருந்தது.

இப்போது மேசை எண் 14 ஐயாவிடம் ஒரு கேள்வி. இந்த மாதக் கடைசி ஞாயிறு எங்கள் மாவட்டத்தில் ரேப்பிட் போட்டி. மகளுக்கு 13 வயதுக்குட்பட்டோர் பிரிவில் பெயர் கொடுத்தாயிற்று. அதே மண்டபத்தில் பொதுப் பிரிவும் உண்டு. நான் கடைசியாகப் பதிவு செய்து ஆடியது கல்லூரியில். அந்தப் பழைய பதிவு எதற்காவது ஆகுமா, இல்லை புதிதாகத்தான் தொடங்க வேண்டுமா? ரேட்டிங் எதுவும் எனக்குக் கிடையாது.

மேசை எண் 14 எழுதியது:

பழைய பதிவு ஆகாது அம்மா. இந்த ஆண்டுக்குப் புதிதாகப் பதிய வேண்டும். பிறந்த தேதிக்கு ஒரு சான்று, ஒரு புகைப்படம் இருந்தால் போதும், மாவட்டச் சங்கத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். ரேட்டிங் இல்லாதவர்களும் பொதுப் பிரிவில் ஆடலாம். பட்டியலில் கடைசியில் வருவீர்கள், முதல் சுற்றில் பலமான ஆள் எதிரே உட்காருவார், அது மட்டும் தெரிந்து வையுங்கள். கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம், மேசை தீர்ந்துவிடும்.

இன்றிலிருந்து டிஜிட்டல் கடிகாரத்தில் பழகுங்கள். போனில் செயலி இருக்கிறது, 15 நிமிடம், 10 விநாடி என்று வைத்துக்கொள்ளலாம். காய் வைத்த கையாலேயே அழுத்திப் பழகுங்கள். சாவிக் கடிகாரத்தில் ஆடியவர்கள் எல்லோரும் முதலில் இடது கையைத்தான் நீட்டுவார்கள்.